விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. நாஞ்சில் நாட்டில் பிறந்த எங்களுக்குப் பயிரும் தெரியும், முளையும் தெரியும். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நாற்றங்கால் பாவுவதைப் பள்ளிக்கு வரும் வழியில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் விதை முளைத்த மூன்றாம் நாளே நாற்றங்காலில் இறங்கி, “இது உயரமாக இருக்கிறது, இருக்கட்டும், அது குட்டையாக இருக்கிறது, பிடுங்கி எறி” என்று சொன்ன உழவர் எவரையும் நாங்கள் கண்டதில்லை. நெற்பயிருக்குக் காட்டப்படும் இந்தப் பொறுமை, விளையாட்டு மைதானத்தில் நிற்கும் பெண் பிள்ளைகளுக்கு ஏன் காட்டப்படுவதில்லை? இதுவே எங்கள் கேள்வி.

கூடைப்பந்து ஆடும் மாணவியரைக் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்னரே கண்டுபிடித்துத் தேர்ந்தெடுப்பது நல்ல காரியம். அதை நாங்கள் முழு மனத்துடன் வரவேற்கிறோம். ஆனால், சீக்கிரம் கண்டுபிடிப்பது வேறு. சீக்கிரம் தீர்ப்புச் சொல்லிவிடுவது வேறு. முன்னது வேண்டும், பின்னது கூடாது என்பது எங்கள் கருத்து.

கூடையில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து ஆட்டத்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1861-ஆம் ஆண்டு பிறந்தவர். 1891 டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் தவித்த மாணவர்களுக்காகப் பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டிப் பந்தை எறியச் சொன்னார். அடுத்த ஆண்டே, 1892-இல், செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு இவ்வாட்டத்தைக் கற்றுக் கொடுத்தார். ஆகவே, கூடைப்பந்து பிறந்த மறு ஆண்டே பெண்களின் கைக்கும் வந்துவிட்டது. “இது ஆண் பிள்ளைகளின் ஆட்டம்” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் மாநிலத்தில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மிஷன் பள்ளிகளும் இத்தகைய ஆட்டங்களைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தன.

இன்று தமிழ்நாட்டில் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடும் பொறுப்பு, 1992-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் உள்ளது. அதன் விளையாட்டு விடுதிகளில் சேர்க்கப்படும் மாணவ மாணவியருக்கு உணவும், உறைவிடமும், பயிற்சியும், சீருடையும் இலவசம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தின் முதல் பள்ளிப் போட்டிகள் 2018-இல் டெல்லியில் நடந்தன. தேர்ந்தெடுக்கப்படும் சிறாருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகளுக்கு உதவி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அதே திட்டத்தின் இளையோர் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில் நடந்தபோது, நம் மாநிலம் 38 தங்கப் பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பெற்றது. பொறியியல் கல்லூரிகளிலும் அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. எனவே ஒரு தேர்வில் இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் சிறிய காரியம் அன்று. மீன்பிடித் தொழிலாளியின் மகளுக்கோ, ரப்பர் பால் வெட்டுபவரின் மகளுக்கோ அது வாழ்க்கையின் திசையையே மாற்றக்கூடியது.

அளவுகோலின் முன் ஒரு நிமிடம்

அத்தகைய தேர்வு ஒன்றுக்கு எங்கள் வகுப்புத் தோழியர் சிலர் சென்றிருந்தார்கள். எங்கள் அணியில் பந்தை முன்னே கொண்டு செல்பவள் ஒருத்தி இருக்கிறாள். யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்பது நாங்கள் ஓடத் தொடங்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். கையைப் பார்க்காமலே பந்தைத் தட்டிக்கொண்டு போவாள். தேர்வு நடந்த இடத்தில் அவளைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார்கள். “அடுத்த ஆள்” என்றார்கள். அவ்வளவுதான். பந்து அவள் கைக்கு வரவே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, அப்பாவின் ஒரு நாள் கூலியை இழந்து போனவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நிமிடமே.

திரும்பி வந்த அன்று அவள் அழவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் மைதானத்துக்கும் வரவில்லை. “நான் வளரல்லேன்னா அதுக்கு நான் என்ன செய்ய?” என்று எங்களிடம் கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

உயரம் வேண்டாம் என்று நாங்கள் வாதாட வரவில்லை. கூடையின் வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்கிறது. அது யாருக்காகவும் தாழ்ந்து வராது. உயரமான பிள்ளைக்கு அது அருகில், குட்டைப் பிள்ளைக்குத் தொலைவில். “ஆட்டத்தைக் கற்றுக் கொடுக்கலாம், உயரத்தைக் கற்றுக் கொடுக்க முடியுமா?” என்று பயிற்சியாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் அளக்கப்படும் உயரம் எதைக் காட்டுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது ஏறக்குறைய பன்னிரண்டு வயதையொட்டி. ஆண் பிள்ளைகளுக்கு அது இரண்டு ஆண்டு பிந்தியே வருகிறது. அந்த வளர்ச்சி சிலருக்குப் பத்து வயதிலேயே தொடங்கும். சிலருக்குப் பதின்மூன்று ஆனாலும் தொடங்காது. ஏழாம் வகுப்பில் வரிசையின் கடைசியில் நின்ற நெட்டைப் பெண், பத்தாம் வகுப்பில் நடுவரிசைக்கு வந்துவிடுவதை நம் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே நாம் காணவில்லையா? ஆகவே ஏழாம் வகுப்பில் பிடிக்கும் அளவுகோல், ‘யார் உயரமாக வளர்வாள்’ என்பதை முழுவதும் சொல்வதில்லை. ‘யார் முந்தி வளர்ந்தாள்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பிறந்த மாதத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டோர் என்று ஆண்டுக் கணக்கு வைத்துப் பிரிக்கும்போது, ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்பார்கள். இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம். அந்த வயதில் ஓராண்டு என்பது சில அங்குல உயரம், கொஞ்சம் பலம், ஓர் ஆண்டுப் பயிற்சி. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்து 1985-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வீரர்களில் பலர் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகச் சிலராகவும் இருந்தார்கள். கடவுள் ஜனவரிக் குழந்தைகளுக்கு மட்டுமா திறமையைக் கொடுத்தார்? இல்லை. மூத்தவளைத் திறமைசாலி என்று எண்ணித் தேர்ந்தெடுத்து, அவளுக்கு நல்ல பயிற்சியும் நல்ல ஆட்டங்களும் கொடுத்தால், அவள் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறாள். இளையவள் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

பெரிய நாடுகளின் கண்ணும் தவறும்

“நம் நாட்டில் வசதி இல்லை, அதனால் இப்படி” என்று சிலர் சொல்லலாம். வசதி நிறைந்த நாடுகளிலும் இதே கதைதான். இன்று கனடாவில் நன்றாக ஆடும் சிறுவர் சிறுமியரைப் பதினான்கு, பதினைந்து வயதிலேயே பெயர் குறித்து வைக்கிறார்கள். பலர் பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அமெரிக்கப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். பார்ப்பதற்கு ஆயிரம் கண்கள் இருந்தும் என்ன நடக்கிறது?

ஸ்டீவ் நாஷ் கனடாவின் விக்டோரியா நகரில் வளர்ந்தவர். அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் கடிதம் எழுதினார். உதவித்தொகையுடன் இடம் கொடுக்க முன்வந்தது ஒன்றே ஒன்று: இயேசு சபையினர் நடத்தும் சான்டா கிளாரா பல்கலைக்கழகம். அந்த நாஷ்தான் பின்னர் 2005, 2006 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்க என்.பி.ஏ. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஹாமில்டன் நகரத்துச் சிறுவன் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு ஒன்பதாம் வகுப்பில் பள்ளியின் ஜூனியர் அணியில் இடம் கிடைக்கவில்லை. 2025-இல் அதே விருது அவருக்கும் கிடைத்தது. அவ்வாண்டே அவருடைய ஒக்லஹோமா சிட்டி அணி கோப்பையையும் வென்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013-இல் எல்லா இளைஞரையும் முந்தி முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கனடாவின் ஆண்டனி பென்னட். அந்த இடத்தைப் பெற்ற முதல் கனடியர் அவரே. ஆனால் நான்கே பருவங்களில் அந்த லீக்கில் அவருடைய காலம் முடிந்துவிட்டது. இது அவருடைய குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வாலிபனின் தோளில் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பை முழுவதும் ஏற்றி வைத்தால் அது எவ்வளவு கனக்கும் என்பதைத்தான் நினைக்கிறோம்.

மைக்கேல் ஜோர்டான் பெயரைக் கேளாதவர் இருக்க முடியாது. அவர் எங்களைப் போலப் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, 1978-இல், பள்ளியின் மூத்த அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. அவரைவிட உயரமான வகுப்புத் தோழர் ஒருவர் அந்த அணிக்குச் சென்றார். ஜோர்டானுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. அந்தப் பள்ளியில் இரண்டாவது அணி ஒன்று இருந்தது! அவர் அதில் ஆடி, வளர்ந்து, அடுத்த ஆண்டு மூத்த அணிக்கு வந்தார். எங்கள் தோழிக்குக் கிடைக்காதது இந்த இரண்டாவது அணியே. அவளுக்குக் கிடைத்தது வீட்டுக்குப் போகும் பேருந்து.

மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட கதையும் ஒன்று உண்டு. ஈசாயின் வீட்டுக்கு வந்த சாமுவேல், நெடிய உருவம் கொண்ட மூத்த மகனைப் பார்த்தவுடன் இவனே என்று எண்ணினார். தேர்ந்தெடுக்கப்பட்டவனோ ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளை. தீர்க்கதரிசியின் கண்ணே உயரத்தில் மயங்கியதென்றால், தேர்வுக்கு வரும் அதிகாரிகளை நாங்கள் அதிகம் குறை சொல்ல முடியாது.

நம் அக்காமார் நடந்த வழி

நம் நாட்டில், பஞ்சாப் மாநிலத்தின் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்த சத்னம் சிங் லூதியானா அகாடமியில் ஆடிக்கொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டு, 2010-இல், பதினான்கு வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பப்பட்டார். 2015-இல் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர் ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. நாடே மகிழ்ந்தது. ஆயினும் அந்தப் பெரிய லீக்கின் ஓர் ஆட்டத்திலும் அவர் களம் இறங்கவில்லை. ஏழடிக்கு மேல் உயரம் இருந்தும், உயரம் மட்டும் போதவில்லை.

பெண்களுள் கேரளத்தின் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர்; பின் தென்னக இரயில்வேக்காகச் சென்னையில் ஆடியவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம் அவருக்கு வரமாக அமைந்தது என்பது உண்மை. 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அவ்வழைப்பு வந்தது அதுவே முதல் தடவை. 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

சென்னையின் அனிதா பால்துரையோ கூடைக்கு அடியில் நிற்கும் நெட்டை ஆட்டக்காரர் அல்லர். பந்தைக் கொண்டு செல்லும் கார்டு இடத்தில் ஆடியவர். பத்தொன்பது வயதில் இந்திய அணியின் தலைவி ஆனார். 2001 முதல் 2017 வரை ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். இடையில் தாயான பிறகும் மைதானத்துக்குத் திரும்பினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால் நம் மாநிலம் இப்படி ஒருவரைக் கண்டிருக்குமா?

இருவரும் 1985-இல் பிறந்தவர்கள். இருவரும் தென்னக இரயில்வே அணியில் ஆடியவர்கள். இருவரும் இந்திய அணியில் தோழியர். நெட்டைக்கும் இடம் உண்டு, மற்றவர்க்கும் இடம் உண்டு. ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஓர் அணி.

வீட்டில் எழும் கேள்விகள்

இனி நம் பெற்றோரிடம் வருகிறோம். 2011 மக்கள் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் அதே பெருமையால், ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பந்து பரண்மேல் ஏறிவிடுகிறது. “பத்தாங்கிளாஸ் பரீட்சை வருது, பந்தெறிஞ்சா மார்க் விழுமா மக்ளே?” என்று பாட்டிமார் கேட்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடும் பெண் இரவில் நன்றாக உறங்குவாள், காலையில் தெளிந்த மனத்தோடு படிப்பாள் என்பது எங்கள் அனுபவம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. விளையாடும் பிள்ளைக்கு முட்டையும் மீனும் கீரையும் சேர்த்துப் போடுகிற வீட்டில், விளையாடாத தங்கைக்கும் அது கிடைக்கும் அல்லவா?

அடுத்தது விடுதி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுதும் போக வேண்டிய தூரத்துக்குப் பதின்மூன்று வயது மகளை அனுப்ப எந்தத் தாய்தான் தயங்கமாட்டாள்? அந்தத் தயக்கத்தைப் பழமை என்று கேலி செய்வோரோடு நாங்கள் சேரவில்லை. அது அன்பு. 2022-இல் இந்திய விளையாட்டு ஆணையம், வீராங்கனையர் உள்ள அணி வெளியே செல்லும்போது பெண் பயிற்சியாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்று அறிவித்தது. அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது என்பதே, தாய்மாரின் அச்சம் வீண் அச்சம் அன்று என்பதைக் காட்டுகிறது. ஆனால் அச்சத்துக்கு மருந்து, மகளை வீட்டில் வைத்துப் பூட்டுவது அன்று. பெண் காப்பாளர் யார், பெண் பயிற்சியாளர் உண்டா, குறை இருந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும், வாரம் எத்தனை முறை வீட்டுக்குப் பேசலாம் என்று பெற்றோர் கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

நாங்கள் வேண்டுவது

குறை சொல்வது எளிது. வழி சொல்வது கடினம். எங்கள் சிற்றறிவுக்கு எட்டிய வழிகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, எந்தப் பெண்ணையும் பந்து கொடுக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. உயரத்தை அளக்கட்டும், அதோடு பத்து நிமிடமாவது ஐந்துக்கு ஐந்து ஆட விட்டுப் பார்க்கட்டும். யார் தோழிக்குப் பந்து கொடுக்கிறாள், யார் தவறவிட்ட பின்னும் ஓடி வந்து தடுக்கிறாள் என்பது அளவுகோலில் தெரியாது, ஆட்டத்தில் தெரியும்.

இரண்டாவது, ஒரு முறை தவறியவளை மறுபடியும் பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ‘இல்லை’ என்றவளை ஒன்பதிலும் பதினொன்றிலும் அதே அதிகாரிகளே அழைத்துப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். அட்டையில் பிறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, தேடுபவர் எங்கள் இடத்துக்கு வர வேண்டும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு எல்லோராலும் வந்துவிட முடியாது. கடற்கரை ஊர்களில் மணலில் ஓடி வலுப்பெற்ற கால்கள் இருக்கின்றன. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மலை ஏறி இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மண் தரை ஆடுகளம் வருடத்தில் பல நாள் சேறாகிவிடுகிறது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் சிமெண்டுத் தரையும் கூரையும் உள்ள ஓர் ஆடுகளம் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

நான்காவது, தேர்வான பிள்ளையின் படிப்பையும் உடம்பையும் காக்க வேண்டும். பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுபடும் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். முறையான முன்பயிற்சி அதைக் குறைக்கும். காயம்பட்டவளைக் கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பந்தும் இல்லை, படிப்பும் இல்லை என்று ஆகிவிடும்.

ஐந்தாவது வேண்டுகோள் நம் பள்ளிக்கே. ஒரே அணி இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இரண்டாவது அணியும் மூன்றாவது அணியும் வேண்டும் என்று அன்புள்ள மதர் அவர்களையும், சிஸ்டர்களையும், உடற்பயிற்சி டீச்சரையும் வேண்டிக்கொள்கிறோம். எங்கள் தோழியைத் திரும்ப மைதானத்துக்குக் கூட்டி வந்தது எந்தத் திட்டமும் அன்று. “நீ வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக் கொடு” என்று டீச்சர் சொன்ன ஒரு சொல்தான். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் மாலைதோறும் அவள் பின்னால் ஓடுகிறார்கள்.

அன்புத் தோழியரே! தேர்வுக்கு அழைப்பு வந்தால் துணிவோடு போவோம். கிடைத்தால் நன்றி சொல்வோம். ஆனால் கிடைக்காத தோழியின் முன் தலைக்கனம் காட்ட வேண்டாம். கிடைக்காவிட்டால் மறுநாள் மாலையே மைதானத்துக்கு வருவோம். நாற்றங்காலில் பிந்தி எழுந்த நாற்றும் நடவுக்குப் பின் தூர் கட்டிக் கதிர் விடுவதை நம் வயல்களில் ஆண்டுக்கு இரு முறை பார்க்கிறோம். பெற்றோரும் பெரியோரும் எங்களுக்கு அந்த இரண்டாம் பருவத்தைத் தந்தால் போதும். உழைப்பை நாங்கள் தருகிறோம்.